முறுக்குமாற்றி அமரும் ஆழம்

மகிழுந்தின் பொறியோடு தானியங்கிப் பற்சக்கரப் பெட்டியை இணைக்கும் வேளையில், இரண்டுக்கும் நடுவே 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை ஓர் இடைவெளி இருந்தாக வேண்டும். பெட்டியின் முகப்பில் அமர்ந்திருக்கும் முறுக்குமாற்றிக்கும், பொறியோடு சேர்ந்து சுழலும் நெகிழ்தகட்டுக்கும் இடைப்பட்ட வெளி அது. பழுதுபார்த்த பெட்டியைத் தம் வீட்டு வண்டிக்கூடத்திலேயே திரும்பப் பூட்டுகிற ஒருவர் கருத்தில் கொள்ள வேண்டியவை பல. ஆயினும், பணமும் உழைப்பும் செலவிட்டுப் புதுப்பித்த ஒரு பெட்டி நெடுங்காலம் உழைப்பதும், வண்டி ஓரடி நகர்வதற்கு முன்பே பாழாவதும் பெரும்பாலும் அந்தச் சிறு வெளியைப் பொறுத்தே அமைகின்றன. அதனை அளந்து உறுதி செய்த பின்னரே மரையாணிகளை முறுக்கத் தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்புவது. அதற்கான காரணங்கள் பெட்டியின் உள்ளமைப்பில் இருக்கின்றன.

பெட்டிகள் பல வகையின. ஒன்றை எடுத்துக்கொண்டு பேசுவதே தெளிவு தரும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் செவர்லே, பியூயிக் ஆகிய இரு பிரிவுகளும் சேர்ந்து உருவாக்கி, 1969ஆம் ஆண்டு வண்டிகளில் அறிமுகப்படுத்திய டர்போ ஹைட்ராமேட்டிக் 350 என்னும் பெட்டியை எடுத்துக்கொள்கிறேன். செவர்லே நோவா, கமாரோ முதலான பின்சக்கர உந்து வண்டிகளில் அது இடம்பெற்றது. மின்னணுக் கருவி எதுவும் அதனுள் இல்லை. அதன் உடல் அலுமினிய வார்ப்பு. பொறியோடு பொருந்தும் மணி வடிவ முகப்பும் அவ்வுடலோடு ஒன்றாகவே வார்க்கப்பட்டது. எண்ணெயின்றி அதன் எடை ஏறத்தாழ 54 கிலோகிராம். அமெரிக்காவில் பழைய வண்டிகளைப் பேணுவோர் இன்றும் இப்பெட்டியைத் தம் வீட்டிலேயே இறக்கி ஏற்றுகின்றனர். தானியங்கிப் பெட்டியின் இலக்கணத்தைக் கற்க இதனினும் நேரிய பாடம் இல்லை என்பேன்.

பட்டறைகளில் டார்க் கன்வர்ட்டர் என்று வழங்கும் முறுக்குமாற்றியிலிருந்து தொடங்குவோம். கைமுறைக் கியர் வண்டியில் கிளட்ச் செய்யும் பணியை இங்கே எண்ணெய் செய்கிறது. பற்றவைத்து மூடிய எஃகுக் கூட்டுக்குள் மூன்று அலகுச் சக்கரங்கள் இருக்கின்றன. கூட்டின் பின்சுவரோடு ஒன்றாக அமைந்த இறைப்பி, பொறியோடு சுழன்று எண்ணெயை வெளிவிளிம்பு நோக்கி வீசுகிறது. அவ்வெண்ணெய் எதிரிலுள்ள சுழலியின் அலகுகளில் மோதி அதனைச் சுழற்றுகிறது; சுழலியின் முறுக்கு ஒரு தண்டின் வழியே பெட்டிக்குள் செல்கிறது. சுழலியைவிட்டு வெளியேறும் எண்ணெய் இறைப்பியின் சுழற்சிக்கு எதிராகத் திரும்பி வருவதால், அப்படியே விட்டால் அது பொறியின் உழைப்பைத் தின்றுவிடும். இரண்டுக்கும் நடுவிலுள்ள நிலையி அவ்வோட்டத்தை மடக்கி, இறைப்பி சுழலும் திசைக்கே திருப்பிவிடுகிறது. நிலையி ஒரு திசையில் மட்டும் சுழல இசையும் ஒருவழிப் பிணைப்பின் மேல் ஏறியிருக்கிறது. எதிர்த்திசையில் எண்ணெய் அழுத்தும்போது அது பெட்டியின் உடலைப் பற்றிக்கொண்டு அசையாது நிற்கும். அந்த எதிர்வினையிலிருந்தே முறுக்குவிசைப் பெருக்கம் பிறக்கிறது. நின்ற வண்டி புறப்படும் நொடியில், பொறி தரும் முறுக்குவிசை ஏறத்தாழ இருமடங்காகிச் சுழலியை அடைகிறது. வேகம் ஏறிச் சுழலியும் இறைப்பியும் நெருங்கிய வேகத்தில் ஓடத் தொடங்கியதும் எண்ணெய் நிலையியின் மறுபுறத்தில் படுகிறது. அதுவும் பிடியை விட்டுச் சேர்ந்து சுழல்கிறது.

இக்கருத்து முதலில் கப்பலுக்காகத் தோன்றியது. ஹெர்மன் ஃபொட்டிங்கர் என்னும் ஜெர்மானியப் பொறியியலாளர், ஸ்டெட்டின் நகரின் வல்கன் கப்பல் கட்டுந்துறையில் பணியாற்றிய காலத்தில், 1905இல் இதற்குக் காப்புரிமை கோரினார். நீராவிச் சுழலி விரைந்து ஓடினால்தான் சிக்கனம். கப்பலின் உந்துவிசிறி மெல்லச் சுழன்றால்தான் சிக்கனம். அத்துணைப் பெரிய ஆற்றலைத் தாங்கி இரண்டையும் இணைக்கும் பற்சக்கரங்கள் அன்று எளிதில் கைகூடவில்லை. ஆகவே நீர்மத்தை நடுவே வைத்து இணைத்தார். மகிழுந்துலகில் 1940ஆம் ஆண்டின் ஓல்ட்ஸ்மொபில் வண்டிகளுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் வெளியிட்ட ஹைட்ராமேட்டிக் பெட்டி, முறுக்கைப் பெருக்காத எளிய நீர்ம இணைப்பையே கொண்டிருந்தது. 1948இல் பியூயிக்கின் டைனாஃப்ளோ பெட்டி முறுக்குமாற்றியைப் பொதுமக்களின் வண்டிக்குக் கொண்டுவந்தது.

முறுக்குமாற்றிக்குப் பின்னே கோள் பற்சக்கரத் தொகுதி. நடுவில் ஞாயிற்றுச் சக்கரம், அதனைச் சுற்றிக் கோள் சக்கரங்கள், அவற்றைச் சூழ்ந்து உட்புறம் பல் வெட்டிய வளையம். ஒன்றை நிறுத்தி மற்றொன்றைச் சுழற்றினால் மூன்றாவது வேறொரு வேகத்தில் சுழலும். நிறுத்துவதும் பிணைப்பதும் எண்ணெய் அழுத்தத்தால் இறுகும் உரசுதகடுகளின் வேலை. இப்பெட்டியில் முதல் வேகத்தின் விகிதம் 2.52, இரண்டாவது 1.52, மூன்றாவது நேரிணைப்பு. இவ்வளவுக்கும் வேண்டிய அழுத்தத்தைத் தருவது பெட்டியின் முகப்பிலேயே அமைந்த ஓர் எண்ணெய் எக்கி. அந்த எக்கியைச் சுழற்றுவது முறுக்குமாற்றியின் கழுத்து. இதனை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பூட்டும் வேலையின் இடர் முழுதும் இங்கிருந்தே வருகிறது.

வேலை வண்டிக்கு அடியில் படுத்துச் செய்வது. ஜாக்கியின் மேல் அமர்த்திய பெட்டி உள்ளே நுழைவதற்கு, வண்டியின் அடிப்பகுதி தரையிலிருந்து அரை மீட்டருக்கு மேல் உயர்ந்திருக்க வேண்டும். அவ்வுயரத்தில் வண்டியைத் தாங்க நான்கு உறுதியான எஃகுத் தாங்கிகள் தேவை. ஜாக்கி தூக்குவதற்கே உரியது. அதனுள் ஒரு சீல் வளையம் கிழிந்தால் ஒன்றரை டன் எடை சொல்லாமல் இறங்கிவிடும். காங்கிரீட் தரை நன்று. தார்த்தளமாயின் கோடை வெயிலில் இளகித் தாங்கியின் காலை உள்வாங்கும் என்பதால் தடித்த பலகை இட்டுத்தான் நிறுத்த வேண்டும். ஸ்டார்ட்டரின் மின்முனைகள் கைக்கருகே இருப்பதால் மின்கலத்தின் எதிர்முனையை முன்னதாகவே கழற்றிவிட வேண்டும். 54 கிலோ பெட்டியை மார்பின் மேல் கிடத்திக் கைகளாலேயே தூக்கிப் பொருத்தியதாகச் சிலர் பெருமையுடன் சொல்வதுண்டு. அவ்வழியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் சாய்த்துக்கொள்ளத்தக்க, இதற்கென்றே அமைந்த ஜாக்கி அமெரிக்க நகரங்களில் வாடகைக்குக் கிடைக்கிறது. அதுவும் துணைக்கு ஓர் ஆளும் இன்றி இவ்வேலையைத் தொடங்கலாகாது.

பெட்டியை ஏற்றுமுன் பலரும் மறந்துவிடுவது குளிர்விப்புக் குழாய்களை. பிரேக்கை மிதித்தபடி வேகமிதியை அழுத்தினால், பொறியின் ஆற்றல் முழுதும் முறுக்குமாற்றிக்குள் வெப்பமாகவே மாறும். நெரிசலில் ஊர்ந்து செல்லும் வண்டியிலும், மலையேறும் வண்டியிலும் இது ஓரளவுக்கு நிகழ்ந்துகொண்டே இருக்கிறது. அவ்வெப்பத்தைக் களைவதற்காக எண்ணெய் ஓர் எஃகுக் குழாய் வழியே ரேடியேட்டரின் தொட்டிக்குள் இருக்கும் சிறு குளிர்விப்பானுக்குச் சென்று, மற்றொரு குழாய் வழியே திரும்பி வருகிறது. திரும்பி வந்ததும் அது நேரே செல்வது உராய்வைத் தணிக்கும் வழிகளுக்கு. பழைய பெட்டி எரிந்து கெட்டதாயின் அதன் உரசுதகட்டுத் துகளும் உலோகப் பொடியும் அந்தக் குளிர்விப்பானுக்குள் தங்கியிருக்கும். புதிய பெட்டி ஓடத் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே அந்த அழுக்கு அதன் புஷ்களுக்கும் தாங்கிகளுக்கும் போய்ச் சேரும். அல்லது குழாயை அடைத்துக்கொண்டு குளிர்விப்பையே நிறுத்திவிடும். ஆகவே கரைப்பான் கொண்டு இருதிசையிலும் அலசி, தெளிந்த நீர்மம் வெளிவரும்வரை விடாது செய்து, காற்றழுத்தத்தால் உலர்த்த வேண்டும். எரிந்த பெட்டியோடு இருந்த முறுக்குமாற்றி பற்றவைத்து மூடியது. அதன் உள்ளறைகளை வீட்டில் முழுமையாக அலச வழியில்லை. அதனை மாற்றிவிடுவதே அறிவுடைமை. இந்தச் செலவை மிச்சப்படுத்த எண்ணிப் பெட்டியையே இழந்தவர் உண்டு.

இனி நடுவான வேலைக்கு வருவோம். முறுக்குமாற்றியின் பின்புறம் நீண்டிருக்கும் கழுத்து, மெருகேற்றிய எஃகுக் குழல். அதன் விளிம்பில் எதிரெதிராக இரண்டு வெட்டுகள் இருக்கின்றன. பெட்டியின் முகப்பை நேர்நோக்கிப் பார்த்தால் மூன்று உறுப்புகள் ஒன்றைச் சூழ்ந்து ஒன்றாக நிற்கும். நடுவில் சுழலியைச் சேர வேண்டிய உள்தண்டு. அதன் முனையில் வரிப்பற்கள். அதனைச் சூழ்ந்து நிலையியைத் தாங்கும் அசையாக் குழல். அதன் மேலும் வரிப்பற்கள். அதற்கும் வெளியே, சீல் வளையத்தைக் கடந்து உள்ளே, எக்கியின் உட்சக்கரத்தில் துருத்தி நிற்கும் இரண்டு முளைப்பற்கள். கழுத்தின் வெட்டுகள் சென்று பொருந்த வேண்டிய இடம் அதுவே. முறுக்குமாற்றியை உள்ளே செலுத்தும்போது அதன் பருத்த கூடே பார்வையை மறைத்துவிடுகிறது. மூன்று பொருத்தங்களும் கண்ணுக்குத் தெரியாமல், ஒன்றன்பின் ஒன்றாக நேர வேண்டும்.

முறுக்குமாற்றிக்குள் ஒரு லிட்டர் அளவு புதிய எண்ணெயை முன்கூட்டியே ஊற்றி, அதன் கழுத்திலும் சீல் வளையத்தின் உதட்டிலும் எண்ணெய் பூசிக்கொள்ள வேண்டும். பெட்டியை மணிமுகப்பு மேல்நோக்கும்படி உறுதியாக நிறுத்திவைத்துச் செய்வது எளிது. முறுக்குமாற்றியின் எடையே அதனைக் கீழிறக்க உதவும். அதனை நேராகப் பிடித்து மெல்ல இறக்குக. ஓரளவு இறங்கி நிற்கும். இரு கைகளாலும் பற்றி, சற்றே கீழழுத்தியபடி இடமும் வலமுமாகத் திருப்பினால், டக்கென்று ஒரு படி இறங்கும். மீண்டும் திருப்பினால் இன்னொரு படி. பலரும் தவறுவது இந்த இரண்டாம் படியில்தான். முறுக்குமாற்றி இப்போது தாராளமாகச் சுழலும்; முழுதும் அமர்ந்துவிட்டதைப் போன்றே தோன்றும்; கை சோர்ந்திருக்கும். எக்கியின் முளைப்பற்கள் மட்டும் கழுத்தின் வெட்டுகளைச் சேராமல், அதன் விளிம்பில் முட்டி நிற்கும். கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக்கரண்டியால் துழாவுகிறவருக்கு, கொக்கி மாட்டியது கயிறு பிடித்த கைக்கு மட்டுமே தெரிவதைப் போல, இந்த மூன்றாம் பொருத்தமும் கையின் வழியே அறியத்தக்கது. விடாது மெல்லச் சுழற்றிக்கொண்டே இருந்தால் கடைசியாக ஒரு முறை கனமாக இறங்கும். அதன் பிறகு சுழற்றும்போது உள்ளே எண்ணெயைத் தள்ளும் எக்கியின் இறுக்கம் கையில் தெரியும்.

கை சொன்னதை அளவுகோல் உறுதிப்படுத்த வேண்டும். மணிமுகப்பின் விளிம்பின் குறுக்கே நேரான எஃகுச் சட்டம் ஒன்றை வைத்து, அதிலிருந்து முறுக்குமாற்றியின் மரையாணி மேடை வரை உள்ள ஆழத்தை அளக்க வேண்டும். பொறியின் பின்முகத்திலிருந்து நெகிழ்தகடு எவ்வளவு துருத்தி நிற்கிறது என்பதையும் அவ்வாறே அளக்க வேண்டும். முதல் அளவு இரண்டாவதைவிட 3 முதல் 5 மில்லிமீட்டர் மிகுந்திருந்தால் எல்லாம் சரி. குறைந்திருந்தால் முறுக்குமாற்றி அமரவில்லை, அல்லது இவ்வண்டிக்கு உரிய உறுப்பு அதுவன்று. வீட்டில் வேலை செய்வோர் பலர் இந்த அளவையை வீண் நேரச் செலவு என்று கருதித் தவிர்க்கின்றனர். சட்டமும் அளவுகோலும் கையில் இருந்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும் செயல் இது. இதனைத் தவிர்ப்பதற்கு எந்த நியாயமும் எனக்குப் புலப்படவில்லை.

அமராத முறுக்குமாற்றியோடு பெட்டியைப் பூட்டினால் நேர்வது என்ன? மணிமுகப்பு பொறியின் முகத்தோடு ஒட்டாமல் விரலளவு விலகி நிற்கும். பெட்டி சற்று அடம்பிடிப்பதாக எண்ணி, மரையாணிகளை முறுக்கி அதனை இழுத்து ஒட்டவைக்கத் தோன்றும். இங்கே ஒரு சிறு கணக்கு உதவும். இம்மரையாணிகளின் விட்டம் எட்டில் மூன்று பங்கு அங்குலம், அதாவது ஏறத்தாழ 9.5 மில்லிமீட்டர். இவற்றுக்கு விதித்த முறுக்கு 35 பவுண்டு அடி, அதாவது ஏறத்தாழ 47 நியூட்டன் மீட்டர். உலர்ந்த மரைக்கு வழக்கமாகக் கொள்ளும் உராய்வுக் கணக்கின்படி, அம்முறுக்கில் ஒரு மரையாணி இழுக்கும் விசை ஏறத்தாழ இரண்டரை டன் எடைக்கு நிகர். ஆறு மரையாணிகள் சேர்ந்தால் பதினைந்து டன். நெகிழ்தகடு முன்னிருந்து தடுக்க, அந்த விசை முறுக்குமாற்றியின் கழுத்தைப் பின்னோக்கி எக்கியின் மீது செலுத்துகிறது. உட்சக்கரம் பிளக்கும், அல்லது எக்கியின் உடலைக் கீறிக்கொண்டு இறுகும். பொறியை இயக்கியதும் எக்கியில் அழுத்தம் பிறக்காது. எந்த நிலையில் வைத்தாலும் வண்டி நகராது. பெட்டியைப் புதுப்பித்தவர் மீதும் உதிரி உறுப்புகள் மீதும் பழி விழும். உண்மையில் கேடு விளைந்தது கடைசி மரையாணிகள் முறுக்கப்பட்ட அந்தச் சில நொடிகளில்.

அப்படியானால் இடைவெளியே இன்றி ஒட்டியிருந்தால் என்ன என்று கேட்கலாம். முறுக்குமாற்றி ஓடும்போது அதனுள் எண்ணெய் அழுத்தமும் சுழற்சியால் எழும் விசையும் சேர்ந்து கூட்டைச் சற்றே உப்பச் செய்கின்றன. வெப்பத்தால் விரிவும் ஏற்படுகிறது. அவ்வளர்ச்சிக்கு இடமில்லாவிட்டால் அந்த விசை முன்புறம் பொறியின் வணரித்தண்டை அழுத்தும். பின்புறம் எக்கியை அழுத்தும். வணரித்தண்டு நீளவாக்கில் நகராமல் தடுக்கும் தாங்கி ஒன்று பொறிக்குள் உண்டு. இடைவிடாத அழுத்தம் அதனைத் தேய்த்து, நல்ல பொறியையும் கெடுத்துவிடும். இடைவெளி மிகுந்தாலும் தீங்கே: நெகிழ்தகட்டோடு பிணைக்கும்போது முறுக்குமாற்றி மிகுதியாக முன்னிழுக்கப்பட்டு, அதன் வெட்டுகள் எக்கியின் முளைப்பற்களை நுனியில் மட்டுமே பற்றும், நாளடைவில் அப்பற்கள் தேய்ந்து உருளும். அந்நிலையில் மூன்று மரையாணி மேடைகளிலும் ஒரே தடிமனுள்ள கடின எஃகு வாஷர்களை இட்டு அளவைச் சரிசெய்வர்.

ஏற்றும்போது முறுக்குமாற்றி முன்னோக்கி வழுக்கிவிடாமல் மணிமுகப்பின் குறுக்கே ஒரு பட்டையையோ தகட்டையோ கட்டிவைக்க வேண்டும். பெட்டியின் வால்புறம் சற்றுத் தாழ்ந்திருப்பதும் நல்லது. பொறியின் பின்முகத்தில் இரண்டு வழிகாட்டு முளைகள் இருக்கின்றனவா என்று பார்ப்பது கட்டாயம். பொறியை வேறிடத்தில் பழுதுபார்த்திருந்தால் அவை காணாமற்போவதுண்டு. மரையாணிகள் இழுத்துப் பிடிக்க மட்டுமே செய்யும். பொறியின் அச்சும் பெட்டியின் அச்சும் ஒரே கோட்டில் நிற்பதற்குக் காரணம் அம்முளைகள். அவை இல்லாத பெட்டியில் முன் சீல் மீண்டும் மீண்டும் கசியும், எக்கியின் புஷ் ஒருபுறமாகத் தேயும். நெகிழ்தகட்டையும் இவ்வேளையிலேயே விளக்கொளியில் பார்த்துவிட வேண்டும். நடுவிலுள்ள மரையாணித் துளைகளைச் சுற்றி மயிரிழைப் பிளவு தெரிந்தால் அது பின்னாளில் பொறியே உடைந்துவிட்டதோ என்று அஞ்சும்படி ஒலி எழுப்பும்.

பொறியின் சாய்வும் பெட்டியின் சாய்வும் ஒத்திருக்குமாறு ஜாக்கியைத் திருத்தித் திருத்தி, முறுக்குமாற்றியின் மூக்கு வணரித்தண்டின் குழியில் நுழைய, முளைகள் தத்தம் துளைகளில் சேர, மணிமுகப்பு பொறியோடு முழுதும் ஒட்ட வேண்டும். இவையெல்லாம் கைத்தள்ளலால் நிகழ வேண்டியவை. ஒட்டவில்லையெனில் பின்னிழுத்துக் காரணத்தைத் தேட வேண்டும். நடுவில் ஒரு மின்கம்பியோ குழாயோ அகப்பட்டிருக்கலாம், சாய்வு பிசகியிருக்கலாம், கட்டு நெகிழ்ந்து முறுக்குமாற்றி முன்வந்திருக்கலாம். ஒட்டிய பின் மரையாணிகளைக் கையால் தொடங்கி, எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கி, முறுக்களவு ஸ்பானரால் முடிக்க வேண்டும். அடுத்து, அடித்திறப்பின் வழியே கைவிட்டு முறுக்குமாற்றியைச் சுழற்றிப் பார்க்க வேண்டும். அது தடையின்றிச் சுழன்று, முன்னோக்கி இழுத்தால் அந்த 3 முதல் 5 மில்லிமீட்டர் நகர்ந்து நெகிழ்தகட்டைத் தொட வேண்டும். தொட்ட பின் மூன்று மரையாணிகளையும் விரலால் தொடங்கிவிட்டே ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். ஒன்றை முழுதும் இறுக்கிவிட்டால் மற்றவற்றின் துளைகள் நேர்ப்படா. உரிய நீளத்தைவிட நீண்ட மரையாணியை இட்டால் அதன் நுனி முறுக்குமாற்றியின் முன்சுவரைக் குத்தி உள்ளே புடைக்கச் செய்யும். பழைய மரையாணிகளைப் பெயரெழுதிய உறைகளில் பிரித்து வைத்தவர்க்கு இத்தொல்லை இல்லை.

குறுக்குச் சட்டம், பெட்டித் தாங்கி, பின்னச்சுக்குச் செல்லும் உந்துதண்டு, வேகமானிக் கம்பி, கியர் நெம்பு இணைப்பு ஆகியவை கழற்றிய வரிசையைத் திருப்பிச் செய்தால் பூட்டப்படுபவை; நீள விவரிக்கத் தேவையில்லை. ஒன்றை மட்டும் சுட்டுவேன். பொறிக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே மின்னோட்டம் திரும்புவதற்கான பட்டைக்கம்பியைப் பூட்ட மறந்தால், ஸ்டார்ட்டருக்கு வேண்டிய பெருமின்னோட்டம் வேகமிதிக் கம்பி போன்ற மெல்லிய உலோகங்களின் வழியே பாயும். அவை சூடேறிப் புகையும்.

வேகத்தை எப்போது மாற்றுவது என்று இப்பெட்டி தானே முடிவு செய்வதை எண்ணும்போது எனக்கு எப்போதும் வியப்பே மேலிடுகிறது. வெளித்தண்டின் சுழற்சியால் இயங்கும் கவர்னர், வண்டியின் வேகத்திற்கேற்ப ஓர் எண்ணெய் அழுத்தத்தைத் தருகிறது. பொறியின் உள்ளிழு குழாயிலுள்ள வெற்றிடத்தோடு ரப்பர் குழாயால் இணைந்த சீராக்கி, பொறியின் சுமைக்கேற்ப மற்றோர் அழுத்தத்திற்கு வழிசெய்கிறது. வால்வு ஒன்றின் ஒரு முனையில் முன்னதும், மறுமுனையில் சுருள்வில்லோடு சேர்ந்து பின்னதும் அழுத்துகின்றன. வேகத்தின் அழுத்தம் சுமையின் அழுத்தத்தை வென்றதும் வால்வு நகர்ந்து அடுத்த வேகத்துக்கு வழி திறக்கிறது. ஆகவே மிதியை மெல்ல அழுத்தி ஓட்டினால் வேகமாற்றம் முன்னதாகவும், அழுத்தி ஓட்டினால் பிந்தியும் நிகழ்கிறது. வேகமிதியோடு இணைந்த கம்பி, மிதியை முழுதும் அழுத்தும்போது பெட்டியைக் கீழ்வேகத்துக்குக் கொண்டுவருகிறது.

பூட்டும்போது அந்த ரப்பர் குழாயை மாட்ட மறந்தால், வெற்றிடம் இல்லாமையைப் பெட்டி பெருஞ்சுமை என்று பொருள்கொண்டு அழுத்தத்தைக் கூட்டும். வேகமாற்றம் பிந்தியும் வன்மையாகவும் வரும்; தகடுகள் எரியா. 1982இல் வந்த நான்கு வேக 700ஆர்4 பெட்டியில் நிலைமை மாறானது. அதில் வேகமிதிக் கம்பியின் அளவு பிசகித் தளர்ந்திருந்தால் அழுத்தம் குறைந்து, தகடுகள் வழுக்கிச் சிறிது தொலைவிலேயே கருகிவிடும். மூத்த பெட்டியின் தவறு ஓட்டுநருக்கு உடனே தெரியும்படி முரட்டுத்தனமாக வெளிப்படுகிறது. இளையதன் தவறு மென்மையாக மறைந்திருந்து கொல்கிறது. எந்தப் பெட்டியானாலும் அதன் சுமையறி இணைப்பு எவ்வகையது என்று அறிந்த பின்னரே பூட்ட வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

கடைசியாக எண்ணெய். ஆற்றலைக் கடத்துவதும், வால்வுகளை நகர்த்துவதும், குளிர்விப்பதும், தேய்மானம் காப்பதும் ஒரே நீர்மம். அதே நீர்மம் உரசுதகடுகள் வழுக்காமலும் வெடுக்கென்று பிடிக்காமலும் பற்றுவதற்கு உரிய உராய்வையும் தர வேண்டும். இந்தப் பண்புக்காக முற்காலத்தில் எண்ணெய்த்திமிங்கிலத்தின் நெய்யைக் கலந்தனர். 1970களின் தொடக்கத்தில் அவ்வுயிரைக் காக்க அமெரிக்கா சட்டம் இயற்றியதும் வேதியியலார் மாற்றுப்பொருள்களைத் தேட நேர்ந்தது. வறண்ட நிலையிலுள்ள இப்பெட்டி, முறுக்குமாற்றியையும் சேர்த்து ஒன்பது லிட்டருக்கு மேல் எண்ணெய் கொள்ளும். ஆயின் அத்தனையையும் முதலிலேயே ஊற்ற முடியாது. அடித்தட்டுக்கு அவ்வளவு கொள்ளளவு இல்லை. நான்கு லிட்டர் போல ஊற்றிப் பொறியை இயக்கியவுடன் எக்கி அதனை உறிஞ்சி முறுக்குமாற்றியையும் வழிகளையும் நிரப்பத் தொடங்கும். அப்போது துணையாள் பொறியைப் பார்த்துக்கொள்ள, தாமதமின்றி மேலும் ஊற்றிக்கொண்டே வர வேண்டும். குளிர்விப்பானிலிருந்து திரும்பும் குழாயை ஒரு கலத்துக்குள் விட்டுப் பார்த்தால், இருபது நொடியில் ஒரு லிட்டர் அளவுக்கு எண்ணெய் வர வேண்டும். மெல்லிய ஒழுக்காக வந்தால் அடைப்பு இன்னும் நீங்கவில்லை என்று பொருள்.

குழாயை மீண்டும் பூட்டி, வண்டியைச் சமதரையில் இறக்கி, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி நெம்பை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை கொண்டுசென்று திரும்ப வேண்டும். பின்னர் நிறுத்த நிலையில், பொறி ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் மட்டம் காட்டும் கோலை எடுத்துப் பார்க்க வேண்டும். பொறியை நிறுத்திவிட்டுப் பார்த்தால் முறுக்குமாற்றியிலிருந்து வடிந்த எண்ணெய் மட்டத்தைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். சூடேறிய எண்ணெய் விரியும் என்பதால் இறுதி அளவை வண்டி சற்று ஓடி வந்த பிறகே எடுக்கத்தக்கது. மட்டம் குறைந்தால் எக்கி காற்றை உறிஞ்சும். மிகுந்தால் சுழலும் பற்சக்கரங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். காற்று அமுங்கும் இயல்புடையது. நுரைத்த எண்ணெயால் தகடுகளை இறுக்கிப் பிடிக்க இயலாது. இரண்டு பிழைகளும் ஒரே கேட்டில், தகடுகள் வழுக்கி எரிவதில் வந்து முடிகின்றன.

முதல் ஓட்டம் முடிந்து வந்ததும் அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்து வைப்பது நல்ல வழக்கம். பெட்டி எண்ணெய் செந்நிறமுடையது. பொறி எண்ணெயிலிருந்து எளிதில் பிரித்தறியலாம். அடித்தட்டின் ஓரத்திலோ குழாய் இணைப்பிலோ சிவப்பு தெரிந்தால் இறுக்கினால் போதும். மணிமுகப்பின் அடியிலிருந்து சொட்டினால் முன் சீல் வளையமே காரணமாக இருக்கும். பெட்டியை மறுபடி இறக்க வேண்டியதுதான். எங்கும் கசிவே இல்லாமல் நாள்தோறும் எண்ணெய் குறைந்து, புகைபோக்கியில் வெண்புகை எழுந்தால், வெற்றிடச் சீராக்கியின் ரப்பர்ச் சவ்வைப் பார்க்க வேண்டும். அது கிழிந்திருந்தால் பொறி அந்த ரப்பர் குழாயின் வழியே பெட்டியின் எண்ணெயை உறிஞ்சி எரித்துக்கொண்டிருக்கும். குழாயைக் கழற்றி உட்புறத்தைத் தொட்டுப் பார்த்தால் விரலில் ஈரம் ஒட்டும். சீராக்கி பெட்டியின் வெளிப்புறத்தில் ஒரே மரையாணியால் பிடிக்கப்பட்டிருப்பது. பெட்டியை இறக்காமலே மாற்றிவிடலாம்.